மைக்ராஸ்கோப்பில் முழுக்கக் கருப்பு: என் சாம்பிள் அயனித் திரவப் படிகமா, வெறும் திரவமா?

சோதனைக்குழாய்

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் வேதியியல் ஆராய்ச்சி மாணவன், முதல் வருடம். கைடு கொடுத்திருக்கும் முதல் வேலை அயனித் திரவப் படிகங்கள், அதாவது திரவம் போல அசைந்தாலும் மூலக்கூறுகள் படிகம் போல ஒழுங்காக நிற்கும் உப்புகள். 1-ஆல்கைல்-3-மெத்தில் இமிடசோலியம் டெட்ராஃபுளோரோபோரேட் உப்புகளை 12, 14, 16, 18 கார்பன் சங்கிலிகளோடு வரிசையாகத் தயாரிக்க வேண்டும். எங்கள் லேபில் இதற்கு முன் யாரும் இதைத் தொட்டதில்லை. கேட்கவும் ஆள் இல்லை.

12 கார்பனில் ஆரம்பித்தேன். மெத்தில் இமிடசோலையும் 1-புரோமோடோடெகேனையும் 80 டிகிரியில் கலக்கிப் புரோமைடு உப்பு எடுத்தேன். அதை எத்தில் அசிட்டேட்டில் கழுவி, டைகுளோரோமீத்தேனில் கரைத்து, சோடியம் டெட்ராஃபுளோரோபோரேட்டின் நீர்க்கரைசலோடு பிரிபுனலில் குலுக்கினேன். குலுக்கியதும் பால் மாதிரி ஆகிவிட்டது, பிரியவே மாட்டேன் என்றது. ராத்திரி முழுக்க விட்ட பிறகு ஓரளவு பிரிந்தது. கீழ் அடுக்கை எடுத்து, தண்ணீரில் ஒரு முறை கழுவி, ரோட்டாவேப்பில் ஓட்டி, வாக்குவத்தில் உலர்த்தினேன். புரோட்டான் என்.எம்.ஆர். சுத்தமாக இருக்கிறது.

டி.எஸ்.சி.யில் (சாம்பிள் எந்தச் சூட்டில் எவ்வளவு வெப்பம் உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) சூடாக்கும்போது 25 டிகிரியில் பெரிய உச்சம், 45-ஐ ஒட்டி சின்னதாக, அகலமாக இன்னொன்று. கட்டுரைகளில் இந்த உப்பு 26-க்குப் பக்கத்தில் உருகி, 38–39-ல் தெளியும் (ஒழுங்கு கலைந்து வெறும் திரவமாகும்) என்று போட்டிருக்கிறது. ஆனால் போலரைசிங் மைக்ராஸ்கோப்பில் 33 டிகிரியில் வைத்துப் பார்த்தால் முழுக்கக் கருப்பு. விசிறி வடிவமும் இல்லை, நிறமும் இல்லை. "கருப்பு என்றால் வெறும் திரவம், இதை விட்டுவிட்டு 14-க்குப் போ" என்கிறார் கைடு. அப்படியானால் அந்த இரண்டாவது உச்சம் என்ன என்று கேட்டால் "அழுக்கு" என்று ஒரே வார்த்தை.

இரண்டு கேள்விகள். இது உண்மையிலேயே வெறும் திரவம்தானா? அடுத்து, துறையில் செமினார் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அயனித் திரவப் படிகம் ஏன் உருவாகிறது, என்னென்ன வகை, யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். கட்டுரைகளைப் படித்தால் எல்லாமே "எதிர்காலத்தில் பயன்படக்கூடும்" என்றுதான் முடிகிறது.

தூள் எக்ஸ்ரே

மைக்ராஸ்கோப்போடு மல்லுக்கட்டாமல் சிறுகோண எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். அடுக்கு இருந்தால் குறைந்த கோணத்தில் ஊசி மாதிரி ஒரு கூர்மையான உச்சம் வரும். அகன்ற கோணத்தில் உருகிய சங்கிலிகளுக்கான மேடு வரும். இரண்டும் சேர்ந்து வந்தால் ஸ்மெக்டிக், அதாவது அடுக்கடுக்காக நிற்கும் திரவப் படிகம். சாம்பிளைக் கண்டிப்பாகச் சூட்டில் வைத்து எடுக்க வேண்டும். ஏசி அறையில் 22 டிகிரியில் எடுத்தால் வெறும் படிகத்தைத்தான் பார்ப்பீர்கள்.

நுரை

தம்பி, எக்ஸ்ரேக்கு வரிசையில் நிற்பதற்கு முன் ஒரு ஊசியை எடுத்து, 33 டிகிரியில் அந்தக் கவர் ஸ்லிப்பின் நடுவில் லேசாக அழுத்திப் பாருங்கள். கண் ஐபீசில் இருக்கட்டும். அழுத்தும் கணத்தில் பளிச்சென்று வெளிச்சம் வந்து, கையை எடுத்ததும் மறுபடி கருப்பானால் அது வெறும் திரவம் இல்லை. அப்படித்தான் வரும் என்று நினைக்கிறேன்.

என் ஆராய்ச்சிப் படிப்பு இந்த இமிடசோலியம் உப்புகளில்தான். இப்போது ஹேர் கண்டிஷனர் தயாரிக்கும் இடத்தில் ஃபார்முலேஷன் வேலை. ஆக, லேபிலும் சரி, ஃபேக்டரியிலும் சரி, பார்ப்பது இதே பொருள்களைத்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தக் கருப்பு. உங்கள் உப்பு அமைப்பது ஸ்மெக்டிக் ஏ நிலை. மூலக்கூறுகள் அடுக்கடுக்காக, ஒவ்வொரு அடுக்கிலும் செங்குத்தாக நிற்கும். கண்ணாடியின் மேற்பரப்பில் எதிர்மின் சுமை உண்டு, இமிடசோலியம் தலைக்கு நேர்மின் சுமை. தலை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள, சங்கிலி நிமிர்ந்து நிற்க, மொத்த சாம்பிளும் கண்ணாடிக்குச் செங்குத்தாக வரிசை கட்டிவிடுகிறது. இதை ஹோமியோட்ரோபிக் அமைப்பு என்பார்கள். கீழிருந்து வரும் ஒளி மூலக்கூறுகளின் அச்சோடு ஒத்துப் போவதால் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே ஒளிவிலகல் எண்தான் தெரியும். குறுக்கே வைத்த இரண்டு போலரைசர்களுக்கு நடுவில் அது வெறும் திரவம் போலவே கருப்பாக இருக்கும். நீண்ட சங்கிலி இமிடசோலியம் உப்புகள் கண்ணாடியில் இப்படி நிற்பது மிகச் சாதாரணம். கருப்பை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது.

ஊசி போதவில்லை என்றால் இன்னும் சில வழிகள். சாம்பிளில் வேண்டுமென்றே ஒரு காற்றுக்குமிழியை விட்டு, 60 டிகிரி வரை சூடாக்கி, நிமிடத்துக்கு 1 டிகிரி அல்லது அதைவிட மெதுவாகக் குளிரவிடுங்கள். குமிழியின் விளிம்பில் ஃபோகஸ் வையுங்கள். தெளிந்த திரவத்திலிருந்து ஸ்மெக்டிக் பிறக்கும்போது அங்கே குட்டிக் குட்டிக் குச்சிகளாக ஒளிரும், பிறகு அவை சேர்ந்து விசிறியாகும். மைக்ராஸ்கோப்பில் பெர்ட்ரண்ட் லென்ஸ் (ஒளி சாம்பிளை வெவ்வேறு கோணத்தில் கடப்பதைக் காட்டும் கூடுதல் லென்ஸ்) இருந்தால் கருப்பான இடத்தில் அதை உள்ளே தள்ளிப் பாருங்கள். ஹோமியோட்ரோபிக் என்றால் கருப்புச் சிலுவை தெரியும், வெறும் திரவம் என்றால் ஒன்றும் தெரியாது. இதெல்லாம் இல்லாத லேபில் கையே சொல்லிவிடும்: ஸ்மெக்டிக் கெட்டியாக, வாஸ்லின் மாதிரி அசையும். தெளிநிலையைத் தாண்டியதும் சட்டென்று எண்ணெய் மாதிரி ஓடும்.

டி.எஸ்.சி.யும் உங்கள் பக்கம்தான். பெரிய உச்சம் சங்கிலிகள் உருகுவது, அதற்குத்தான் நிறைய வெப்பம் வேண்டும். அடுக்கு கலைவதற்கு ஆகும் வெப்பம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஒரு பெரியது, ஒரு சின்னது என்ற ஜோடி திரவப் படிகத்தின் கையெழுத்து. ஆனால் உங்கள் கைடு "அழுக்கு" என்று சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. 38–39-ல் வர வேண்டியது 45-ல், அதுவும் அகலமாக வருகிறது அல்லவா? நான் முதலில் சந்தேகப்படுவது மீந்துபோன புரோமைடை. டோடெசில் மெத்தில் இமிடசோலியம் புரோமைடும் திரவப் படிகம்தான், அதன் தெளிநிலை உங்கள் உப்பைவிட மிக உயரத்தில் இருக்கிறது. கொஞ்சம் கலந்தாலும் மொத்தத்தையும் மேலே இழுக்கும்.

"என்.எம்.ஆர். சுத்தம்" என்பதில் ஏமாற வேண்டாம். இரண்டு உப்பிலும் நேர்அயனி ஒன்றேதான். புரோமைடுக்கு புரோட்டான் ஏது? கொஞ்சம் சாம்பிளை மெத்தனால் கலந்த தண்ணீரில் கரைத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து, சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விடுங்கள். வெளிர் மஞ்சளாகக் கலங்கினால் புரோமைடு இருக்கிறது. ஒரே ஒரு முறை கழுவினால் போகாது. கழுவிய தண்ணீரில் கலங்கல் வராத வரைக்கும் கழுவ வேண்டும்.

பால் மாதிரி ஆனது ஏன் என்றால், 12 கார்பன் சங்கிலியும் சுமையுள்ள தலையும் சேர்ந்தால் அது ஒரு சோப்பு. சோப்பைப் பிரிபுனலில் குலுக்கினால் பால்தான் வரும். குலுக்காதீர்கள், மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். தண்ணீர் குளிர்ந்ததாக இருக்கட்டும். பிரியவில்லை என்று யாராவது உப்புத்தண்ணீர் ஊற்றச் சொன்னால் கேட்காதீர்கள், சோடியம் குளோரைடிலிருந்து குளோரைடு உங்கள் உப்புக்குள் ஏறிவிடும், புரோமைடை விரட்டி குளோரைடை உட்கார வைத்த கதைதான். உப்புச் செறிவு கூட வேண்டுமானால் சோடியம் டெட்ராஃபுளோரோபோரேட் கரைசலையே இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள்.

இன்னொன்று, எச்சரிக்கையாக. டெட்ராஃபுளோரோபோரேட்டும் சரி, பின்னால் ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் பக்கம் போனால் அதுவும் சரி, ஈரத்தோடு சூடாக்கினால் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு விடும். ஈரமான சாம்பிளை அதிகச் சூட்டில் உலர்த்த வேண்டாம். முதலில் மிதமான சூட்டில் வாக்குவம் போட்டுத் தண்ணீரை எடுங்கள், பிறகு ஏற்றுங்கள். குடுவையின் உள்பக்கம் மங்கலாகத் தேய்ந்திருந்தால் அந்தப் பேட்சைத் தொடாதீர்கள். ஹைட்ரஜன் ஃபுளோரைடு பட்டால் தடவும் கால்சியம் குளுகோனேட் ஜெல் லேபில் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இந்த வேலையைத் தொடங்கவும் கூடாது.

சென்னையில் இந்த 12 கார்பன் உப்புக்கு ஒரு வேடிக்கை உண்டு. சுத்தமான சாம்பிளை ஏசி அறையில் வைத்தால் படிகம். ஏசியை அணைத்தால் 30 டிகிரிச் சொச்சத்தில் திரவப் படிகம். மே மாதம் கரண்ட் போன மதியத்தில் ஜன்னலோரம் வைத்தால் தெளிந்த திரவம். நோட்டில் அறை வெப்பநிலையைக் கட்டாயம் எழுதுங்கள்.

இனி செமினார்.

திரவப் படிகத்தின் கதையை எல்லோரும் 1888-ல் பிராகில் ரைனிட்சர் கொலஸ்டெரில் பென்சோயேட்டை உருக்கியதில் ஆரம்பிப்பார்கள். 145.5 டிகிரியில் கலங்கலாக உருகி, 178.5-ல் தெளிந்தது. அதை ஆராய்ந்த ஓட்டோ லேமான் பிறகு கையில் எடுத்துப் பார்த்தவற்றில் அம்மோனியம் ஓலியேட்டும் உண்டு. அது உப்பு. 1910-ல் ஹாலேயில் ஃபோர்லாண்டர் கார உலோகக் கார்பாக்சிலேட்டுகள் உருகும்போது திரவப் படிகம் ஆவதைக் காட்டினார். ஆக, அயனி வகை புதிதாக முளைத்தது இல்லை. தனிப் பிரிவாக எல்லோர் கண்ணிலும் பட்டது மட்டும் 1990-களில், பெல்ஃபாஸ்டில் கென்னத் செடன் குழுவும் மற்றவர்களும் நீண்ட சங்கிலி இமிடசோலியம் உப்புகளை வரிசையாக அளந்து போட்ட பிறகு. 2005-ல் லுவெனின் பின்னமன்ஸ் எழுதிய பெரிய மதிப்புரை ஒன்று இருக்கிறது, 2016-ல் அவர் குழுவே அதைப் புதுப்பித்தது. இரண்டையும் தேடி எடுங்கள், ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத்தான் செமினார் என்று உட்கார்ந்தால் அடுத்த செமினாரே வந்துவிடும்.

ஏன் உருவாகிறது என்பதுதான் சுவாரசியம். வழக்கமான திரவப் படிகத்துக்கு விறைப்பான ஒரு நடுப்பகுதி வேண்டும். 1973-ல் ஹல்லில் ஜார்ஜ் கிரே கொண்டுவந்த சயனோபைஃபீனைல்களில் இரண்டு பென்சீன் வளையம் அந்த வேலையைச் செய்கிறது. உங்கள் உப்பில் அப்படி எதுவும் இல்லை. ஒரு சின்ன வளையம், ஒரு தொளதொள வால். ஆனால் சுமைகளுக்கு எண்ணெய்ச் சங்கிலி ஆகாது, சங்கிலிக்குச் சுமை ஆகாது. நேர்அயனித் தலைகளும் எதிர்அயனிகளும் ஒரு தளத்தில் சேர்கின்றன, வால்கள் ஒதுங்கி இன்னொரு தளத்தில் சேர்கின்றன. எதிரெதிர் அடுக்குகளின் வால்கள் இரண்டு சீப்புகளின் பற்களைப் போல ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும். அதனால்தான் எக்ஸ்ரேயில் கிடைக்கும் அடுக்கு இடைவெளி ஒரு மூலக்கூறின் நீளத்தைவிட அதிகமாகவும் இரண்டைவிடக் குறைவாகவும் வரும். எக்ஸ்ரே எடுத்ததும் முதலில் இதைச் சரிபாருங்கள்.

சங்கிலி நீளம் கூடக் கூட அடுக்கு உறுதியாகும். டெட்ராஃபுளோரோபோரேட்டில் 12 கார்பனுக்கு வெறும் பத்துப் பன்னிரண்டு டிகிரி தாக்குப்பிடிக்கும் ஸ்மெக்டிக், 18 கார்பனுக்கு 200 டிகிரியைத் தாண்டும். எதிர்அயனி மாறினாலும் எல்லாம் மாறும். குளோரைடு, புரோமைடு மாதிரி சின்னதாக, ஹைட்ரஜன் பிணைப்புக்கு ஆசைப்படுகிறவை அடுக்கை இறுக்கிப் பிடிக்கும். ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட்டில் பிடி தளரும். சுமை பரவிக் கிடக்கும் பெரிய பிஸ்(ட்ரைஃபுளோரோமெத்தில்சல்ஃபோனில்)இமைடைப் போட்டால் 12 கார்பனில் திரவப் படிகமே கிடைக்காது, நல்ல அயனித் திரவம்தான் கிடைக்கும். பொதுவாக அயனி வகையில் ஸ்மெக்டிக்தான் ராஜா. டிவியில் இருக்கும் நெமாடிக் இங்கே அபூர்வம். அடுக்கில்லாமல் திசை மட்டும் ஒன்றாக இருக்கச் சொன்னால் சுமைகள் ஒத்துக்கொள்வதில்லை.

வகைகளுக்கு ஸ்லைடில் பெரிய மரம் வரைய வேண்டாம். முதல் கேள்வி, நிலையை மாற்றுவது வெப்பமா, கரைப்பானா? வெப்பம் என்றால் தெர்மோட்ரோபிக், தண்ணீரின் அளவு என்றால் லையோட்ரோபிக். உங்கள் உப்பு இரண்டு வேலையும் செய்யும். அடுத்து, வடிவம். ஒற்றை வால் என்றால் அடுக்கு. ஒரு தலைக்குப் பல வால்கள் வைத்தால் விசிறி மாதிரி விரிந்து, சுமைகள் நடுவிலும் வால்கள் சுற்றியும் நிற்கும் தூண்கள் வரும். இரண்டுக்கும் நடுவில் கனசதுர நிலைகள். தட்டு வடிவ மூலக்கூறுகள் தூணாக அடுக்குவதை 1977-ல் பெங்களூரு ராமன் ஆராய்ச்சிக் கழகத்தில் எஸ். சந்திரசேகரும் குழுவும்தான் முதலில் காட்டினார்கள். அவை சுமையில்லாதவை. பின்னாளில் அதே கழகத்தில் ட்ரைஃபீனைலின் தட்டுகளில் இமிடசோலியம் தொங்கவிட்டு அயனித் தட்டுகளும் செய்திருக்கிறார்கள். தலை எது என்று பார்த்தால் அம்மோனியம், பாஸ்போனியம், பிரிடினியம், குவானிடினியம் என்று பட்டியல் நீளும். எதிர்அயனியாக டெட்ராகுளோரோபல்லடேட் மாதிரி உலோகக் கூட்டுகளும் வரும். அதை ஒரு வரியில் கடந்துவிடலாம்.

வால் இல்லாமலே திரவப் படிகம் ஆகும் ஒரு கூட்டமும் உண்டு. ஆஸ்துமாவுக்குக் கொடுத்த டைசோடியம் குரோமோகிளைக்கேட்டும், சன்செட் யெல்லோ என்ற உணவுச் சாயமும் தண்ணீரில் தட்டையாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, செறிவு கூடினால் நெமாடிக் ஆகும். சன்செட் யெல்லோவுக்குக் கிட்டத்தட்ட 30 சதவீதக் கரைசல் வேண்டும். அயனி வகையில் நெமாடிக் அபூர்வம் என்றேனே, தண்ணீரில் அந்த விதி உடைகிற இடம் இது.

பயன் பற்றிக் கேட்டால் எனக்கு வாய் கொஞ்சம் நீளும், அதனால் கடைசியில் வைத்தேன். இன்று உலகத்தில் அதிகம் விற்கும் அயனித் திரவப் படிகம் குளியலறையில்தான் இருக்கிறது. கண்டிஷனர் பாட்டிலின் பின்பக்கம் பாருங்கள்: செட்ரிமோனியம் குளோரைடு அல்லது பெஹென்ட்ரிமோனியம் குளோரைடு, கூடவே செட்டோஸ்டியரில் ஆல்கஹால். நீண்ட வால், நேர்மின் தலை, உங்கள் உப்பின் உறவுக்காரர்கள்தான். இரண்டையும் 75–80 டிகிரியில் உருக்கித் தண்ணீரில் கலக்கி மெதுவாகக் குளிரவிட்டால் தண்ணீரை இடையில் பிடித்துக்கொண்ட அடுக்குகள் உருவாகும். சூட்டில் அது அசல் திரவப் படிகம். ஆறியபின் வால்கள் விறைத்து ஜெல் நிலை. கையில் எடுக்கும் அந்தக் கெட்டி க்ரீம்தன்மை மெழுகால் வருவதில்லை, இந்த அடுக்குகளால் வருவது. ஒவ்வொரு பேட்சிலும் ஒரு சொட்டைப் போலரைசர்களுக்கு நடுவில் வைத்துக் குட்டிக் குட்டிச் சிலுவைகள் தெரிகிறதா என்று பார்ப்பது என் அன்றாட வேலை. குளிரும்போது ஆபரேட்டர் அவசரப்பட்டு வேகமாகக் கலக்கினால் அடுக்கு உடைந்து பேட்ச் மோர் மாதிரி நீர்த்துவிடும். பிறகு யார் வந்தாலும் அதைத் தூக்கி நிறுத்த முடியாது.

சோப்பும் அப்படியே. சோப்புக் காய்ச்சுகிறவர்கள் தண்ணீர் அளவை அவ்வளவு கவனமாகப் பார்ப்பது அறுகோணத் தூண் நிலைக்குள் போய்விடக் கூடாது என்றுதான். அந்த நிலையில் சோப்பு கலக்கவே முடியாமல் கொப்பரையிலேயே இறுகும். அடுக்கு நிலையில் சொன்னபடி ஓடும். 1920-களில் மெக்பெய்ன் என்ற வேதியியலாளர் இதற்கெல்லாம் நிலைப்படம் (எந்தச் செறிவில், எந்தச் சூட்டில் எந்த நிலை என்ற வரைபடம்) போட்டுக் கொடுத்தார்.

லேப் பக்கம் வந்தால் 1992-ல் மொபில் நிறுவனத்தின் ஆட்கள் செட்டில்ட்ரைமெத்தில் அம்மோனியம் உப்பை அச்சாக வைத்து, சுற்றிலும் சிலிக்காவைப் படிய வைத்து, பிறகு அச்சை எரித்துவிட்டு எம்.சி.எம்.-41 செய்தார்கள். சில நானோமீட்டர் அகலத்தில் தேனடை அறுகோணமாகத் துளைகள். அச்சு முன்பே திரவப் படிகமாக இருந்ததா, சிலிக்கா வந்து சேர்ந்த பிறகு ஒழுங்கானதா என்ற சண்டையும் சுவாரசியமானது, கேள்வி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்பிளேவுக்கு ஆகுமா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். ஆகாது. டிவி பேனலுக்குள் அயனி போனால் படம் தேய்ந்து நிழலாக ஒட்டிக்கொள்ளும், அதை வெளியேற்றத்தான் பாடுபடுவார்கள். ஆனால் 1968-ல் ஆர்.சி.ஏ.வில் ஹைல்மையர் காட்டிய முதல் டிஸ்பிளே அயனி ஓட்டம் இருந்தால்தான் வேலை செய்யும் வகை. செமினாரில் யாராவது தூங்கினால் இதைச் சொல்லுங்கள்.

பழைய பேட்டரி

நுரை அவர்களே, கண்டிஷனர் சரி. ஆனால் மாணவர் போகப்போகும் செமினாரில் எல்லோரும் எதிர்பார்ப்பது பேட்டரி, சோலார் செல். நான் பேட்டரித் துறையில் இருக்கிறேன். லித்தியம் செல்லில் போடும் கார்பனேட் எலக்ட்ரோலைட் அறை வெப்பநிலையில் சென்டிமீட்டருக்கு 10 மில்லிசீமன்ஸ் அளவுக்குக் கடத்தும். அயனித் திரவப் படிகங்கள் அதில் நூறில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு என்று நிற்கின்றன. "ஒழுங்கான பாதை" என்று படம் அழகாக வரைகிறார்கள். அந்தப் பாதையில் வண்டி ஓடவில்லையே? மாணவர்களை இதில் இழுத்துவிடும்போது இதையும் சொல்ல வேண்டும்.

நுரை

சொல்ல வேண்டியதுதான், மறுக்கவில்லை. கடத்துதிறனை மட்டும் வைத்துப் போட்டி போட்டால் கார்பனேட் ஜெயிக்கும். அது தீப்பிடிக்கும் திரவம் என்பதை நீங்களே எனக்கு விளக்குவீர்கள்.

திசைதான் இங்கே விஷயம். டோக்கியோவில் தகாஷி காட்டோ, யோஷியோ, ஓனோ ஆகியோர் இமிடசோலியம் திரவப் படிகங்களைக் கண்ணாடியில் ஒழுங்குபடுத்தி, அடுக்குக்கு இணையாகவும் செங்குத்தாகவும் தனித்தனியாக அளந்தார்கள். அயனி தன் தளத்தில் எளிதாக ஓடுகிறது, எண்ணெய்ச் சங்கிலிச் சுவரைத் தாண்டிப் போகத் திணறுகிறது. 2004-ல் தூண்கள். ஒற்றைத் திசையில் அயனி ஓடும் குழாய் மாதிரி. பிறகு தூண்களின் ஓரத்தில் பாலிமர் ஆகும் தொகுதிகளை வைத்து, வரிசைப்படுத்தி, ஒளியால் அப்படியே பூட்டிப் படலமாகவும் செய்தார்கள். 2015-ல் கார்பனேட் தலையுள்ள திரவப் படிகத்தில் லித்தியம் உப்பைக் கரைத்து, அதை வைத்தே செல்லைச் சார்ஜ் ஏற்றி இறக்கியும் காட்டினார்கள். கடைக்கு வரவில்லை என்பது உண்மை. வராததற்குக் காரணம் வெறும் எண்ணிக்கை இல்லை என்பது என் கருத்து. ஒரு சின்ன செல்லில் அழகாக நிற்கும் ஒழுங்கை மீட்டர் கணக்கான எலக்ட்ரோடு சுருளில் யார் நிறுத்துவது? ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு பக்கம் பார்த்து நின்றால் எல்லைக்கு எல்லை பாதை அடைபடும். இணையாக நூறு மடங்கு கடத்தினாலும் அங்கே பயனில்லை.

சோலார் செல்லில் ஒரு நல்ல சோதனை உண்டு. 2005-ல் ஜப்பானில் யானகிடா குழுவினர் சாய சோலார் செல்லில் டோடெசில் மெத்தில் இமிடசோலியம் அயோடைடோடு அயோடினைச் சேர்த்து எலக்ட்ரோலைட்டாக வைத்தார்கள். ஒப்பிட, ஒரே ஒரு கார்பன் குறைந்த 11 கார்பன் உப்பு. அதற்கு அடுக்கு இல்லை. அடுக்குள்ளது பிசுபிசுப்பு அதிகம், ஆனாலும் மின்னோட்டம் அதில்தான் கூடுதல். அயோடைடும் ட்ரைஅயோடைடும் ஒரே தளத்தில் நெருங்கி நிற்பதால் ஆள் நகராமலே எலக்ட்ரான் கைமாறுகிறது என்பது விளக்கம். ஒரு கார்பனில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டு பதில் வாங்கும் சோதனை எனக்குப் பிடிக்கும். தம்பி, உங்கள் செமினாரில் ஒரே ஒரு வரைபடம் போட முடியும் என்றால் இதைப் போடுங்கள்.

சோதனைக்குழாய்

அக்கா, ஊசி வேலை செய்தது! அழுத்தியதும் வெள்ளையாக மின்னி, விட்டதும் கருப்பு. கைடைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரே ஊசியை வாங்கிக்கொண்டு சாம்பிள் கவர் ஸ்லிப்பை விட்டு வழியும் வரை அழுத்திக்கொண்டிருந்தார். குமிழி விளிம்பில் குச்சிகளும் தெரிந்தன. சில்வர் நைட்ரேட்டில் நன்றாகவே கலங்கியது. குளிர்ந்த தண்ணீரில் சுழற்றிச் சுழற்றிக் கழுவி, கலங்கல் நின்ற பிறகு மறுபடி டி.எஸ்.சி. ஓட்டினேன்: இரண்டாவது உச்சம் 39-ல், முன்பைவிடக் கூர்மையாக. எக்ஸ்ரேக்கு ஹீட்டிங் ஸ்டேஜ் உள்ள இடத்தில் பதிவு செய்திருக்கிறேன்.

பேட்டரி அண்ணனுக்கும் நன்றி. கடத்துதிறன் ஒப்பீட்டை ஒரு ஸ்லைடாகவே வைக்கிறேன், கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடலாம்.

பிளஸ் டூ இயற்பியல்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அரசுப் பள்ளி ஆசிரியர். இதில் ஏதாவது ஒன்றைப் பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்ட முடியுமா? இமிடசோலியம் எல்லாம் எங்களுக்கு எட்டாது. சாதாரண மைக்ராஸ்கோப் ஒன்று இருக்கிறது. சன்செட் யெல்லோ என்றீர்களே, கடையில் விற்கும் கேசரிப் பவுடர் சரிப்படுமா?

நுரை

சார், கேசரிப் பவுடர் வேண்டாம். கடைப் பாக்கெட்டில் சாயத்தோடு உப்பும் கலந்திருக்கும், சில நேரம் சாயமே இரண்டு மூன்று சேர்ந்திருக்கும். 30 சதவீதச் செறிவுக்கு அதில் வழியில்லை. வந்தாலும் ஆரஞ்சு நிறம் ஒளியில் ஒரு பங்கை முழுங்கிவிடும்.

சோடியம் லாரில் சல்ஃபேட் வாங்குங்கள், வேதியியல் சப்ளை கடையில் சுலபமாகக் கிடைக்கும். எதிர்மின் தலை, 12 கார்பன் வால். பழுதான எல்சிடி மானிட்டரிலிருந்து போலரைசர் ஷீட்டை உரித்து இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்று மைக்ராஸ்கோப்பின் மேடைக்குக் கீழே, ஒன்று ஐபீஸ் மேல். மேல் துண்டைச் சுற்றிச் சுற்றி, காட்சி முழுக்க இருட்டாகும் இடத்தில் நிறுத்துங்கள். சினிமா முப்பரிமாணக் கண்ணாடி இதற்குச் சரியாக வராது, அது வேறு வகைப் போலரைசர்.

ஸ்லைடில் லாரில் சல்ஃபேட் சிட்டிகை வைத்து, கவர் ஸ்லிப்பால் மூடி அழுத்தி, ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் தானாக உள்ளே இழுபடும். தூள் இருக்கும் பக்கம் செறிவு அதிகம், தண்ணீர்ப் பக்கம் குறைவு. நடுவில் ஒவ்வொரு செறிவுக்கும் உரிய நிலை ஒவ்வொரு பட்டையாக வரிசை கட்டும். வெளியே கருப்பு: சாதாரணக் கரைசல். அதை அடுத்து விசிறி விசிறியாக ஒளிர்வது அறுகோணத் தூண்கள். ஸ்லைடை நன்றாகச் சூடாக்கினால்தான் அதற்கும் உள்ளே எண்ணெய்க் கோடுகள் மாதிரி நெளியும் அடுக்கு நிலை தெரியும். இரண்டுக்கும் நடுவில் கருப்பாக, அசையாத ஒரு பட்டை தெரிந்தால் அது கனசதுர நிலையாக இருக்கலாம். ஊசியால் அழுத்திப் பார்த்தால் சாதாரணக் கரைசல் போல ஓடாது. ஒரே ஸ்லைடில் நிலைப்படத்தின் ஒரு பகுதி வந்துவிடும். நம்மூர் வெப்பத்தில் இந்த உப்பு தண்ணீரில் தாராளமாகக் கரையும், ஏசி அறையில் மட்டும் செய்யாதீர்கள், குளிர்ந்தால் ஊசி ஊசியாகப் படிகம் விழுந்து காட்சியைக் கெடுக்கும்.

பட்டைகள் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். மொபைல் கேமராவை ஐபீசில் ஒட்டி வைத்து டைம்லாப்ஸ் போட்டுவிட்டு நீங்கள் பாடத்தை நடத்தலாம். தூளை அள்ளும்போது மட்டும் பிள்ளைகளை மாஸ்க் போடச் சொல்லுங்கள். அந்தத் தூசி மூக்கில் ஏறினால் அந்தப் பீரியட் முழுக்கத் தும்மல்தான்.